அவளைத் தூக்கிய கைகள்

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, மனைவியைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது. பல் தேய்ப்பது, பால் பாக்கெட்டை உள்ளே எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். பல வருஷங்களாக இப்படியே ஓடியது. சொல்லப்போனால் அதை ஒரு வேலை என்றே நான் நினைத்ததில்லை.

அவள் டெல்லியில், பூசா ரோடில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள். நான் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். இரண்டு பேருக்கும் ஊர் சாத்தூர்ப் பக்கம். சரோஜினி நகரில் இரண்டாவது மாடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, ஒரு ஜனவரிக் காலையில், மொட்டை மாடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கியவள், பனியில் நனைந்திருந்த படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் திரும்பவே இல்லை. மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தரைத்தளத்தில் வீடு வேண்டும் என்று விண்ணப்பித்து, ஆர்.கே. புரத்தில் ஒன்று கிடைத்து, மூவரும் அங்கே குடிபோனோம்.

அவளைத் தூக்குவதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. நான் கட்டிலருகே முழங்காலை மடக்கிக் குனிவேன். அவள் இரண்டு கைகளையும் என் கழுத்தில் கோத்துக்கொள்வாள். என் ஒரு கை அவள் முதுகுக்குப் பின்னால், இன்னொன்று முழங்காலுக்கு அடியில். அவள் "ம்" என்பாள். நான் எழுவேன். ஒரு திருப்பு, ஓர் அடி, நாற்காலி. கல்லூரியில் கபடி ஆடிய தொடைகள் எனக்கு. அவள் எடை எனக்குப் பெரிய பாரமாக இருந்ததில்லை. பகலில் வீட்டு வேலைக்கு வரும் விழுப்புரத்துக்கார அம்மா சமைப்பார், அவளைத் துடைத்துவிடுவார், பேச்சுத் துணையாக இருப்பார். ஆனால் தூக்குவது மட்டும் என் பொறுப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் திரும்பிப் போவேன்.

இப்படி இருந்தபோதுதான் எனக்குச் சிறுநீர் போவதில் தொந்தரவு ஆரம்பித்தது. வயது ஐம்பத்தெட்டு. வயசானால் வருவதுதானே என்று கொஞ்ச நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது என்று ஒன்றின் பின் ஒன்றாக நடந்து, கடைசியில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். சுரப்பியைத் தாண்டிக் கொஞ்சம் பரவியிருந்தது. எலும்புக்குப் போகவில்லை.

புற்றுநோய் மருத்துவர் என்னைவிட இளையவர், டெல்லிக்காரர். நிதானமாகப் பேசுவார். அவர் இந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"கதிர்வீச்சு கொடுப்போம். அதோட ஓர் ஊசி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை. இந்தக் கான்சருக்கு டெஸ்டோஸ்டீரோன்தான் சாப்பாடு. உடம்பு அதைச் சுரக்கறதையே ஊசி நிறுத்திடும். ஒண்ணரை, ரெண்டு வருஷம் போட வேண்டியிருக்கும்."

"அது இல்லாம உடம்பு எப்படி இருக்கும் டாக்டர் சாப்?"

"மாற்றம் இருக்கும். உடம்பு திடீர்னு கொதிக்கும். எடை போடும். களைப்பு வரும். தாம்பத்தியத்துல நாட்டம் குறையும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சமாளிக்கலாம்" என்றார்.

தாம்பத்தியம் பற்றிச் சொன்னதைக் கேட்டு நான் பெரிதாகக் கலங்கவில்லை. எங்கள் வாழ்க்கையில் அது முன்பே ஒதுங்கிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஊசிதானே. போட்டுக்கோங்க. பொழச்சுக் கெடந்தாப் போதும்" என்றாள்.

முதல் ஊசி போட்டு மாதம் ஒன்று கூட ஆகியிருக்காது, டெல்லிக் குளிரில், ஆபீசில் எல்லோரும் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் தீப்பிடித்தது போல ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றி வைப்பேன். ஐந்து நிமிஷத்தில் வேர்வை குளிர்ந்து நடுக்கமெடுக்கும். மறுபடி மாட்டிக்கொள்வேன். இது பழகிப்போயிற்று. பழகாதது வயிறு. பேன்ட் இடுப்பு இறுகியது. மார்பு தளர்ந்து தொங்கியது. சர்க்கரை ஏறிவிட்டதென்று அடுத்த பரிசோதனையில் தெரிந்தது.

"எடையைக் குறைக்கணும்" என்றார் மருத்துவர். "உடற்பயிற்சி செய்யுங்க. சாப்பாட்டுல கவனமா இருங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அதை ஆபீஸ் உத்தரவு போல எடுத்துக்கொண்டேன். இட்லி தோசையை நிறுத்தினேன். சோறு நின்றது. காலையில் ஒரு கிண்ணம் பப்பாளி, மதியம் நெய் தடவாத சுக்கா ரொட்டி இரண்டும் வெள்ளரிக்காயும், ராத்திரிக்கு மோர். முட்டை, கறி, மீன் எல்லாம் நோய்க்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவற்றையும் விட்டேன். விடிந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சாணக்யபுரிப் பக்கம் உள்ள பூங்காவுக்குப் போய் வேகமாக நடப்பேன். தூதரக வீதிகளில் நடந்து திரும்பும்போது சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். நோய்க்கு எதிராக என் கையால் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்ற எண்ணம் எனக்கு. அதனால் ஒரு நாளும் தவறவிடவில்லை.

எடை மளமளவென்று இறங்கியது. ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள். "க்யா பாத் ஹை, ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க" என்று முதுகில் தட்டினார் பக்கத்து மேஜைக்காரர். புனேயில் வேலை பார்க்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, எக்தம் ஸ்லிம்! நான்கூட டயட் ஸ்டார்ட் பண்ணணும்" என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் டெல்லி. எங்களோடு பேசும் தமிழில் பாதி இந்தியாக இருக்கும்.

மனைவி மட்டும் பாராட்டவில்லை. சாப்பிட உட்காரும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இம்புட்டுத்தானா?" என்பாள். "சர்க்கரை இறங்கிருக்குல்ல" என்பேன்.

சில விஷயங்களை நான் கவனிக்கத்தான் செய்தேன். ஊறுகாய் ஜாடி மூடி திறக்க வரவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்ற இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் வயிறு அப்படியே இருந்தது. சட்டைக் கைக்குள் புஜம்தான் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கதிர்வீச்சுக் களைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தராசு காட்டியது குறைந்துகொண்டே வந்ததால் எல்லாம் நன்றாகப் போகிறது என்றே நம்பினேன்.

நவம்பர் மாதம். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலக் குனிந்தேன். அவள் கைகளைக் கோத்தாள். "ம்" என்றாள். எழுந்தேன். எழுந்தும்விட்டேன். நாற்காலிப் பக்கம் திரும்பும்போது வலது தொடை உதறியது. அடுத்த நொடி இடதும் உதறியது. கால் சறுக்கவில்லை, எதிலும் தடுக்கவில்லை. என் தொடைகள் என்னைத் தாங்கவில்லை, அவ்வளவுதான். கட்டில் சட்டத்தில் முதுகு உரசிக்கொண்டே கீழே இறங்கினேன். அவளை விட்டுவிடக் கூடாது என்ற ஒரு நினைப்புதான் இருந்தது. அவள் என் மடியில் சரிந்து, பிறகு பக்கவாட்டில் உருண்டாள். அவள் வலது கால் அவளுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

"அடி பட்டிருச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றாள். அவளுக்கு அந்தக் காலில் எதுவும் தெரிய வழியில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. "நீங்க எந்திரிங்க மொதல்ல."

நான் எழப் பார்த்தேன். தரையில் கையூன்றி, கட்டிலைப் பிடித்து, பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்தாள்.

"போன மாசத்துலேருந்தே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தூக்கும்போது உங்க கை நடுங்குறது. மூச்சு வாங்குறது. எனக்குத் தெரியாம இருக்குமா?"

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? இன்னும் இறுக்கிப் பிடிப்பீங்க."

பக்கத்து வீட்டில் இருக்கும், உத்தரகண்ட் மலைப்பக்கத்துக் கடுவால்காரரைக் கைபேசியில் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து, "அரே பையா, முன்னாடியே கூப்பிட வேண்டியதுதானே" என்று அவளை நாற்காலியில் ஏற்றினார். வேறொரு ஆண் அவளைத் தூக்கியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுநாள் நான் ஆபீசில் இருக்கும்போது விழுப்புரத்து அம்மா போன் செய்தார். "சார், அக்காவுக்கு ஒரு தொடை மட்டும் வீங்கியிருக்குது சார். தொட்டா சுடுது. எனக்கு பயமா இருக்குது, சீக்கிரம் வாங்க."

எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. உபயோகம் இல்லாத கால்களில் எலும்பு மெலிந்துபோய்விடுமாம். சின்ன அதிர்ச்சியே போதுமாம். முந்தின நாள் முழுக்க அவள் முறிந்த எலும்போடு சிரித்துப் பேசிக்கொண்டு, மகளோடு வீடியோவில் அரட்டை அடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வலித்திருந்தால் அழுதிருப்பாள், உடனே ஓடியிருப்போம். வலிக்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எலும்பு மருத்துவர் தகடு வைக்காமல், மெத்தென்ற பட்டியால் காலைக் கட்டி, சில வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே எனக்கு அடுத்த ஊசி. புற்றுநோய் மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். முடியவில்லை. இரண்டாம் தடவை முன்னால் ஆடி, ஆடி, எப்படியோ எழுந்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"எடையைக் குறைக்கத்தானே சொன்னேன்? நீங்க பட்டினி கிடந்திருக்கீங்க."

"குறைஞ்சிருக்கே டாக்டர் சாப்."

"என்ன குறைஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு, என் புஜத்தை இரண்டு விரல்களால் பிடித்துக் காட்டினார். "சாப்பாடு பத்தலைன்னா உடம்பு தன்கிட்ட இருக்கறதைக் கரைக்கும். கொழுப்பையும் கரைக்கும், தசையையும் கரைக்கும். தசையைக் காப்பாத்தி வைக்கிறதுல டெஸ்டோஸ்டீரோனுக்குப் பெரிய பங்கு. உங்க உடம்புல இப்ப அது இல்லை. அதோட முட்டை, பருப்புன்னு தசைக்கு வேண்டியதையும் நிறுத்திட்டீங்க. நடந்தது நல்லதுதான். ஆனா நடை மட்டும் தசையைக் காப்பாத்தாது."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "அதைக் கொஞ்சமா வெளியிலேருந்து கொடுக்க முடியாதா? என் மனைவியைத் தூக்கற அளவுக்கு."

முடியாது என்று அவர் தலையசைத்தார். "நோயை வளர்த்துவிடற வேலை அது. இன்னொண்ணும் சொல்றேன். நல்ல ஆரோக்கியமா இருக்கற வாலிபனே, சாப்பாட்டை ரொம்பக் குறைச்சு உடம்பை ரொம்ப வருத்தினா, அவனுக்கும் இந்த ஹார்மோன் தானா இறங்கும். அவனுக்கு வெளியிலேருந்து கொடுத்தா தசை குறையாம நிக்கலாம். ஆனா பலமும் அதே அளவுக்கு நிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. தசை இருக்கறது வேற, பலம் வேற. பலம் வேணும்னா பளு தூக்கித்தான் ஆகணும். நீங்களும் தூக்கலாம். மெதுவா வரும். கொஞ்சமா வரும். வராம இருக்காது."

"முன்னே இருந்த மாதிரி வருமா?"

"பொய் சொல்ல மாட்டேன். ஊசி நடக்கற வரைக்கும் அந்த அளவுக்கு வராது."

அன்று ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கால் கட்டோடு படுத்திருந்த மனைவி, "போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. நிறுத்திட்டா என்னன்னு யோசிக்கிறேன்."

"எதை?"

"ஊசியை. கதிர்வீச்சு முடிஞ்சிருச்சு. அதுவே போதுமா இருக்கும். பலம் திரும்பிருச்சுன்னா பழையபடி..."

அவள் தலையணையில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். அவள் குரல் வகுப்பறையில் இருந்த காலத்துக் குரலாக இருந்தது. "என்னைத் தூக்குறதுக்காகச் சாகப் போறீங்களா?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். நீங்க போனப்புறம் என்னை யார் தூக்குவாக? இந்தப் பேச்சு இத்தோட நிக்கணும். நாளைக்குக் காலையில போய்ப் போட்டுட்டு வாங்க. போடாம வந்தீங்கன்னா நான் சாப்பிட மாட்டேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சற்று நேரத்தில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. எனக்கும் அந்த ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து அழுகை சுலபமாக வந்துவிடும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். மறுநாள் போய்ப் போட்டுக்கொண்டேன்.

மருத்துவர் ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஹரியானாவில் ரோத்தக் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். சத்தமாகப் பேசுவாள். வாரம் இருமுறை எங்கள் வீட்டுக்கே வருவாள். முதல் நாள் டைனிங் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "அங்கிள்ஜி, உட்காருங்க, எழுந்திருங்க" என்றாள். கையை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். நாலு தடவைக்கு மேல் வரவில்லை. "அச்சா, இதுதான் நம்ம ஆரம்பம்" என்றாள். நாற்காலியின் மேல் ஒரு கனத்த மெத்தையைப் போட்டு உயரமாக்கினாள். கொஞ்ச வாரத்தில் மெத்தையை எடுத்தாள். பிறகு கையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். அப்புறம் இரும்புக் குண்டுகள். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்க வைத்தாள். சாப்பாட்டை அவளே மாற்றினாள். இரண்டு முட்டை, பருப்பு, சுண்டல், பன்னீர், தயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து மீன். எடை குறைய வேண்டும், ஆனால் அவசரமே கூடாது என்றாள். நடையையும் விடவில்லை.

நான் பயிற்சி செய்வதை மனைவி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அந்தப் பெண் அவளிடம் திரும்பி, "ஆன்ட்டி, நீங்க சும்மா பாத்துக்கிட்டே இருப்பீங்களா?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தாள். தோளை அழுத்திப் பார்த்தாள். "இந்தக் கைக்கு என்ன கேடு? விபத்து நடந்த புதுசுல யாரும் பழக்கலையா?"

பழக்கினார்கள்தான். ஆஸ்பத்திரியில் இருந்த கொஞ்ச நாட்களில் ஒரு பலகையைக் காட்டி, அதன்மேல் நகர்ந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போகலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், அந்த அவஸ்தை எதற்கு, நான் இருக்கிறேனே என்று தூக்க ஆரம்பித்துவிட்டேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். பலகை எங்கே போனதென்றே தெரியவில்லை.

அன்றிலிருந்து அவளும் தொடங்கினாள். படுத்தபடியே குண்டு தூக்கினாள். கால் எலும்பு கூடியதும் உட்கார்ந்து தூக்கினாள். இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி, இடுப்பை மேலே எழுப்ப வேண்டும். முதலில் துணி கசங்கும், உடம்பு அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள். நான் முணுமுணுத்துக்கொண்டே செய்வேன்.

ஒரு நாள் நான் குண்டைக் கீழே போட்டுவிட்டு, "எனக்குத்தான் அந்த ஹார்மோன் இல்லையே, என்னத்தச் செஞ்சு என்ன" என்று சலித்துக்கொண்டேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "பொம்பளைங்க எங்ககிட்ட அது என்னைக்கு நெறைய இருந்துச்சு? சாத்தூர்ல நான் இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு தண்ணி சொமக்கலையா? எடுங்க, தூக்குங்க."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியாது. "ஆன்ட்டி என்ன சொன்னாங்க?" என்றாள். இந்தியில் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மார்ச் மாதத்தில் எனக்கு எதையும் கையால் பற்றாமல் எழுந்து உட்கார வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடி திறந்தது. ஆனால் அவளைத் தூக்கும் பலம் வரவில்லை. அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், முழங்கால் வரை வந்தது, அதற்கு மேல் தொடை நடுங்கியது. கீழே வைத்துவிட்டேன். இனி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

புதிதாக வாங்கிய பலகை, வழவழப்பாக, இரண்டு பக்கமும் மெலிந்திருந்தது. ஒரு முனையைக் கட்டிலிலும் மறுமுனையை நாற்காலியிலும் வைத்தாள் பிசியோதெரபிஸ்ட். மனைவி முதலில் கால்களைக் கையால் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கையைப் பலகையில் ஊன்றி, உடம்பை எழுப்பி, கொஞ்சம் நகர்ந்தாள். மறுபடி எழுப்பினாள், மறுபடி நகர்ந்தாள். நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.

"கையை எடுங்க" என்றாள்.

"விழுந்துட்டா?"

"அந்தப் பொண்ணு பக்கத்துலதான் நிக்கிறா. நீங்க அங்கிட்டுப் போங்க."

நான் அங்கிட்டுப் போய்ச் சுவரோடு நின்றேன். அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. யாரையும் பார்க்காமல் நாற்காலிச் சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பிறகு வந்த காலைகள் எனக்குக் கஷ்டமாகவே இருந்தன. நோய் வந்து, உடம்பின் ஆசைகள் எல்லாம் அணைந்துபோன பிறகும், தினமும் காலையில் அவள் கைகள் என் கழுத்தைச் சுற்றி வரும், அவள் கன்னம் என் கன்னத்தில் பட்டு நிற்கும். கணவன் மனைவி என்று எங்களுக்கு மிஞ்சியிருந்த நெருக்கம் அந்த அரை நிமிஷம்தான் என்பது, அது போன பிறகே எனக்குப் புரிந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு மதியம், "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள். நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் விடவில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அவள் நாற்காலியை என் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"தூக்குறதுன்னாத்தான் கட்டிப் பிடிக்கணுமா?" என்றாள். "குனிங்க."

குனிந்தேன். கைகளை என் கழுத்தில் கோத்துக்கொண்டாள். இந்த முறை "ம்" என்று சொல்லவில்லை. குண்டு தூக்கிப் பழகிய அவள் புஜங்கள் கெட்டியாக இருந்தன. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. முதுகு வலித்ததால்தான் நிமிர்ந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். ஏப்ரலில் ஒருநாள் கண் விழித்தபோது பக்கத்தில் கட்டில் காலியாக இருந்தது. பதறி எழுந்தேன். அவள் பின்வாசலில், வேப்பமரத்து நிழலும் வெயிலும் கலந்து விழும் இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள்.

"எப்ப எந்திரிச்ச?"

"ரொம்ப நேரமாச்சு. நல்லாத் தூங்குனீங்க, எழுப்பல." பேப்பரை மடித்தாள். "தெனம் அஞ்சு மணிக்கே முழிப்புத் தட்டிரும் எனக்கு. அப்பயெல்லாம் நீங்க எந்திரிக்கிற வரைக்கும் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கெடப்பேன்."

இத்தனை வருஷமும் நான் எழுந்த பிறகுதான் அவளுக்கு விடிந்திருக்கிறது. அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஊசிகள் முடிந்து இப்போது கொஞ்ச காலம் ஆகிறது. நான் பணி ஓய்வு பெற்று, முனீர்க்காவில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். போன தீபாவளிக்கு வந்த மகள், அம்மா தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து டாக்ஸிக்கும் மாறுவதைப் பார்த்து ஓடி வந்தாள். "அம்மா, நீ குத் ஸே, தானாவே போறியா?" என்று கேட்டு, அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய், கூட்டத்துக்குள் புகுந்து, பை நிறையத் துணி வாங்கிக்கொண்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

சென்ற மாதப் பரிசோதனையில் நோயின் அளவு அடங்கியே இருக்கிறது. டெஸ்டோஸ்டீரோன் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது, வயதுக்கு வேண்டியதைவிட ரொம்பக் குறைவு. சிலருக்கு மெதுவாக வரும், சிலருக்கு முழுதாக வராமலே போகும் என்றார் மருத்துவர். வந்தால் நோயும் கூடவே தலைதூக்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "எது வந்தாலும் பயிற்சியை விடாதீங்க" என்றார்.

விடவில்லை. அன்று மனைவியும் அவர் அறைக்குள் வந்திருந்தாள். நான் கையை ஊன்றாமல் எழுந்து காட்டினேன். அவர் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். அவள் பலகையைத் தானே சொருகிக்கொண்டு உள்ளே மாறி உட்கார்ந்தாள். நான் நாற்காலியை மடக்கி, அவள் காலடியில் நிறுத்தி, பக்கத்தில் ஏறிக்கொண்டேன். "ஐ.என்.ஏ. வழியாப் போகச் சொல்லுங்க" என்றாள், "மீன் வாங்கிட்டுப் போவோம்."